லிஃப்ட்காரரின் தனிக் கிட்டார்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த மனுஷனுக்கு வாய் கொஞ்சம் நீளம். யாராவது பதிவு செய்த தாளத்தை ஓடவிட்டு அதன்மேல் கிட்டார் வாசித்தால் போதும், "ஊன்றுகோல் பிடிச்சுக்கிட்டு ஓட்டப்பந்தயமா?" என்று கேட்டுவிடுவார். பதினொரு வருடமாக அவர் கட்டிவந்த இசைக்கு ஒரே ஒரு எலக்ட்ரிக் கிட்டார்தான். பாட்டு இல்லை, மேளம் இல்லை, எல்லாம் சொந்தக் கற்பனை. கட்டைவிரல் கீழ்ச் சுரங்களை நடத்த, மற்ற விரல்கள் மேலே மெட்டை எடுக்கும். இரண்டு பேர் வாசிப்பதுபோல் கேட்கும். "நடுவுல யாராவது வாயத் திறந்து ரெண்டு வரி பாடினா என்ன குறைஞ்சா போயிடும்?" என்பாள் மனைவி. பதினான்கு வயது மகள் மட்டும் அவர் கட்சி. பள்ளிக்கூடத்தில் பார்ப்பவர்களிடமெல்லாம் அப்பா புராணம்தான்.

நூலக அரங்கில் ஞாயிறு மதியம் வாசிக்க அழைத்தார்கள். வாழ்க்கையில் முதல் மேடை. அதற்கு மூன்று வாரம் முன்னால், ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் கதவு அவருடைய இடது மோதிர விரலை நசுக்கியது. எலும்பு தப்பியது, விரல் மடங்க மறுத்தது. வாசிக்க வைத்திருந்த நான்கு உருப்படிகளில் மூன்றை எப்படியோ சமாளித்தார். கடைசியாக வைத்திருந்த பெரிய உருப்படி மட்டும் வரவேயில்லை. கீழ்ச் சுரங்களைப் பிடித்தால் மெட்டு நழுவியது, மெட்டைப் பிடித்தால் கீழே காலியாகக் கிடந்தது.

"விரல் சரியில்லைங்க, மூணுதான்" என்று சொல்லியிருக்கலாம். யார் தூக்கிலா போடப்போகிறார்கள்? ஆனால் அழைப்பிதழில் 'துணையில்லாத தனிக் கிட்டார்' என்று அச்சாகிவிட்டது. மகள் தன் இசை டீச்சரை வேறு வரச்சொல்லிவிட்டாள். வறட்டு கௌரவம் யாரை விட்டது? கீழ்ச் சுரங்களை மட்டும் தனியாகப் பதிவு செய்தார். போனை ஆம்ப்ளிஃபையரின் இரண்டாவது துளையில் இணைத்து, பெட்டிக்குப் பின்னால் வைத்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடும் என்று நினைப்பு.

முப்பது பேர் வந்திருந்தார்கள். மனைவிக்கு அன்றும் வேலை. மூன்று உருப்படிக்கும் நல்ல கைத்தட்டல். நான்காவதற்கு நைசாகப் போனைத் தட்டிவிட்டார். வாசிக்கும்போது உற்சாகம் மீறி ஒரு காலை முன்னே வைத்தார். வைத்தது ஒயர்மேல். 'கர்ர்' என்று ஒரு சத்தம், ஒயர் கிட்டாரிலிருந்து கழன்று கீழே விழுந்தது. மெட்டு நின்றது. கீழ்ச் சுரங்கள் மட்டும் யாரையும் சட்டைசெய்யாமல் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தன.

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். ஐயோ, அந்த நிமிஷம் லிஃப்ட்காரருக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது. போனை அணைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மகள்தான் ஓடிவந்து, பெட்டிக்குப் பின்னால் குனிந்து அணைத்தாள். "ஸாரி, ஸாரி! இது அப்பா வீட்ல பழகறதுக்குப் பதிவு பண்ணது. ஒயர் மாட்டும்போது நான்தான் தெரியாம போனையும் மாட்டிட்டேன், அது தானா ஓடிடுச்சு" என்றாள் எல்லோரையும் பார்த்து.

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். "அப்படியா சார்?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"என்னம்மா நீ, அப்பாவோட முதல் மேடையையே கெடுத்துட்டியே!" என்று டீச்சர் அவளைக் கடிந்துகொண்டார். "பிள்ளைங்கன்னா அப்படித்தான், விடுங்க சார்" என்று யாரோ இவரைத் தேற்றினார்கள். அதற்கும் தலையாட்டினார்.

திரும்பும்போது பஸ்ஸில் இருவருக்கும் நடுவே கிட்டார் பை இருந்தது. ஊரையே நக்கலடித்த வாயை அவர் மெல்லத் திறந்தார்.

"கண்ணு, அப்பாவ மன்னிச்சிடும்மா. நல்லவேளை, நீ வந்து காப்பாத்தின."

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதட்டத்துல வாயில வந்ததச் சொல்லிட்டேன்பா. டீச்சர் கேட்டப்ப, நீ 'இல்ல, நான்தான்'னு சொல்லிடுவன்னு நினைச்சேன்."