சுக்கான் பிடிக்க வாய் வேண்டும்

கப்பலில் டெக் வேலை, அதாவது மேல்தளத்து வேலை, என்றால் நாள் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நாள் முழுக்கத் துருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. துருவைத் தட்டுவது, சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, கயிறு இழுப்பது, நடுவில் போய்ச் சுக்கான் பிடிப்பது என்று பொழுது போகும். இதில் சுக்கான் பிடிப்பதற்கு மட்டும் தனியாக ஒரு சான்றிதழ் வேண்டும். வாட்ச்கீப்பிங் என்பார்கள். பயிற்சிப் பள்ளியில் படித்து, பயிற்சி ஆளாகக் கப்பலில் சில மாதம் ஓடி, அப்புறம் சென்னையில் ஒரு கேப்டன் முன்னால் நின்று தேறினால் கிடைக்கும். கிடைத்தால் நான் டெக் ஆள். கிடைக்காவிட்டால் கோலியனூர்ப் பக்கத்தில் எங்கள் அப்பாவின் டிராக்டருக்கு நான்தான் டிரைவர்.

டிராக்டர் ஓட்டுவதைக் குறைத்துச் சொல்லவில்லை. அப்பாவோடு ஒரே வண்டியில் வேலை பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை, அவ்வளவுதான். லைசென்சுக்கு எட்டுப் போடும்போது கடைசி வளைவில் காலை ஊன்றியவர்கள், நேர்முகத் தேர்வில் சொந்தப் பெயர் மறந்துபோனவர்கள் எல்லாம் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

புள்ளிக்குள் எண்

படிப்பில் சேர்வதற்கு முன்பே கண் பரிசோதனை. எதிரே வரும் கப்பலின் விளக்கு சிவப்பா பச்சையா என்று பிரித்துச் சொல்லத் தெரியாதவனை இந்த வேலைக்கு எடுக்கமாட்டார்கள். வண்ணப் புள்ளிகள் நிறைந்த அட்டைகளை டாக்டர் ஒவ்வொன்றாகக் காட்ட, புள்ளிகளுக்குள் இருக்கிற எண்ணை நான் படித்துக்கொண்டே வந்தேன். துணைக்கு வந்திருந்த அப்பா பின்னால் நின்றபடி என் தோளைத் தட்டி, "வெறும் புள்ளிதானடா இருக்குது, இன்னாத்தப் படிக்கிற? டாக்டரு கிட்ட அடிச்சு விடாத" என்றார். டாக்டர் அட்டையை வைத்துவிட்டு அப்பாவை உட்கார வைத்தார். அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்ற விஷயம் எங்கள் குடும்பத்துக்குத் தெரியவந்தது அன்றைக்குத்தான்.

அப்பாவுக்கு இருப்பது இன்றைக்கில்லாவிட்டாலும் நாளைக்கு எனக்கும் வந்துவிடுமோ என்று பயந்து கேட்டேன். இந்தக் குறை பையனுக்கு அம்மா வழியாகத்தான் வரும், அப்பா வழியாக வராது, உன் கண் சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். போன உயிர் திரும்பி வந்தது. அப்பா விழுப்புரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, வண்டி கிளம்பிய பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப நான் ஆசையா வாங்கினு வந்த பொடவைய எல்லாம் உங்கம்மா கட்டாம பொட்டியில வச்சிருக்கறது இதனாலதானா?"

கிணற்றில் குதிப்பது போல்

பயிற்சிப் பள்ளியில் கடலில் உயிர் பிழைப்பதற்கு ஒரு பாடம் உண்டு. உயரமான மேடையிலிருந்து லைஃப் ஜாக்கெட்டோடு நீச்சல் குளத்தில் குதிக்க வேண்டும். என் வகுப்பில் பாதிப் பேர் மேடை ஏறியதுமே நடுங்கினார்கள். நான் மோட்டார் கொட்டகைக் கூரையிலிருந்து கிணற்றில் குதித்தே வளர்ந்தவன். ஒரு கையால் மூக்கைப் பிடி, மறு கையால் ஜாக்கெட்டைக் கீழே அழுத்து, காலைச் சேர்த்து நேராக இறங்கு என்று வாத்தியார் சொன்னதெல்லாம் பயந்தவர்களுக்கு என்று எனக்கு நினைப்பு. ஓடி வந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, எங்கள் ஊர் வழக்கப்படி தொம்மென்று விழுந்தேன்.

நான் தண்ணீருக்குள் போனேன். ஜாக்கெட் வரமாட்டேன் என்றது. மேலேயே நிற்கப் பார்த்த அது என் தாடையில் ஒரு குத்து விட்டதில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கழுத்து தப்பியதே பெரிய புண்ணியம். மேலே இழுத்துப் போட்டபோது குளத்துத் தண்ணீரோடு என் கௌரவமும் வாய் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் கொஞ்ச நாள் கஞ்சிதான். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஜாக்கெட்டு உன்னக் காப்பாத்ததான் இருக்கு தம்பி, மொதல்ல நீ அது கிட்டேருந்து தப்பிக்கக் கத்துக்கோ" என்றார்.

வீடியோ காலில் அம்மா

முதல் கப்பலில் ஏறிய சில வாரம் வரை சுக்கானைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கையில் சுத்தியலைக் கொடுத்து டெக்கில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு துறைமுகத்தில் சிக்னல் கிடைத்ததும், பிள்ளை கடலில் என்ன செய்கிறான் என்று காட்டுவோமே என்று ஆசையாக அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். பின்னால் நீலக் கடல், வெள்ளைப் பறவை, எல்லாம் இருந்தது. அம்மா எதையும் பார்க்கவில்லை. என் கையிலிருந்த சுத்தியலையும், காலடியில் குவிந்திருந்த துருவையும்தான் பார்த்தாள். "இதத் தட்டத்தான் அவ்ளோ படிப்பு படிச்சியா? நம்ம டிரெய்லரு துருப் புடிச்சுக்கினு வாசல்லயே கெடக்குதே, அத இங்கியே தட்டியிருக்கலாமே!"

தலையாட்டி

ஒருவழியாகச் சுக்கானும் கைக்கு வந்தது. கப்பல் டிராக்டர் மாதிரி இல்லை. திருப்பினால் உடனே திரும்பாது, யோசித்துவிட்டுத் திரும்பும். நான் பொறுமையில்லாமல் இன்னும் ஒடிப்பேன், அது தேவைக்கு மேல் திரும்பிவிடும். அதைக்கூட ஒரு வாரத்தில் பழகிவிட்டேன். பழகாதது வாய்தான். அதிகாரி "ஸ்டார்போர்டு டென்" என்றால், சுக்கானை வலது பக்கம் பத்து டிகிரி திருப்ப வேண்டும். திருப்புவதற்கு முன் அதே வார்த்தையை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பி முடித்ததும், வந்துவிட்டது என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டும். உலகத்தில் எந்தக் கப்பலிலும் இதுதான் முறை.

எங்கள் வீட்டு முறை வேறு. அப்பா "வாடா இங்க" என்று கூப்பிட்டு, நானும் "வாடா இங்க" என்று சொன்னால் அதற்குப் பெயர் பழிப்புக் காட்டுவது. சின்ன வயதில் அதற்கு நன்றாக வாங்கியிருக்கிறேன். பெரியவர் ஒன்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டுச் செய்து முடிப்பதுதான் மரியாதை. அந்த மரியாதையைத்தான் நான் கப்பலிலும் கொடுத்துக்கொண்டிருந்தேன். உத்தரவு வரும், தலையை ஆட்டுவேன், சரியாகத் திருப்புவேன், பேசமாட்டேன். கண்ணாடி வழியாகக் கடலையே பார்த்தபடி எனக்கு முன்னால் நின்ற தூத்துக்குடிக்கார அதிகாரி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் திரும்பினார்: "ஏலே, நீ ஆட்டுத தலைய நான் எதை வச்சுல பாக்க, எனக்கு முதுகுலயா கண்ணு இருக்கு?"

முதல் தேர்வு

கடலில் ஓட வேண்டிய மாதங்களை ஓடி முடித்து ஊர் திரும்பி, சென்னையில் தேர்வுக்குப் போனேன். தேர்வு வைத்தவர் வயதான கேப்டன். தீயணைப்பு, கயிறு முடிச்சு, விளக்குகள் எல்லாம் கேட்டார், சொன்னேன். பிறகு மேஜைக்கு எதிரே ஒரு பழைய சுக்கான் சக்கரத்தைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு கொடுக்க ஆரம்பித்தார். கப்பலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியிருந்த வாய், அவருடைய நரைத்த மீசையைப் பார்த்ததும் ஒட்டிக்கொண்டது. அப்பா வயது, அப்பா குரல். ஒவ்வொரு உத்தரவுக்கும் பவ்யமாகத் தலையை ஆட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கை நல்லா வேலை செய்யுது. அடுத்த தடவ வரும்போது வாயையும் கூட்டிக்கிட்டு வா."

எல்.கே.ஜி.

கப்பல் கம்பெனியில், சான்றிதழோடு வந்தால் அடுத்த கப்பலில் இடம், இல்லையென்றால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டது. டிராக்டர் டிரைவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். அப்பா சாவியை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். நானும் எடுத்துக்கொண்டேன். இரண்டாவது தடவையும் போய்விட்டால் அந்தச் சாவி என் இடுப்பிலேயே தங்கிவிடும் என்று நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை.

திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த என் அக்கா அங்கே ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைப்பதுதான் அவள் தொழிலே. ஞாயிற்றுக்கிழமை போய் விஷயத்தைச் சொன்னேன். சிரித்து முடிக்கவே அவளுக்கு நேரம் பிடித்தது. பிறகு இட்லிக் குண்டான் மூடியை என் கையில் கொடுத்து, அதுதான் சுக்கான் என்று சொல்லிவிட்டு, உத்தரவுகளை என் செல்போனைப் பார்த்துப் படித்தாள். "போர்ட் ஃபைவ்" என்பாள், அதாவது இடது பக்கம் ஐந்து டிகிரி; நான் தலையாட்டுவேன், தலையில் ஒரு குட்டு விழும். சாயங்காலம் ஆவதற்குள் என் வாய் தானாகத் திறக்க ஆரம்பித்தது. பஸ் ஏற்றிவிட வந்தபோது அக்கா சொன்னாள்: "எங்க கொழந்தைங்க இத மொத நாளே புடிச்சிக்கிச்சுங்க, உனுக்குத்தான்டா மீச மொளச்சும் பேஜாரா இருக்குது."

பின்னால் வா

ஊரில் பழகுவதை விடக்கூடாது என்று எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னேன். "மோட்டாரப் போடு" என்றால் "மோட்டாரப் போடுறேன்", போட்டுவிட்டு வந்து "மோட்டாரப் போட்டாச்சு". அம்மா எனக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டினாள். அப்பா இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், "பழிப்பா காட்டுற?" என்று கையை ஓங்கிக்கொண்டே வந்துவிட்டார்.

அந்த வாரமே கரும்பு ஏற்றிய டிரெய்லரை ஒரு குறுகலான சந்தில் பின்பக்கமாக எடுக்க வேண்டியிருந்தது. நான் டிராக்டரில்; அப்பா டிரெய்லருக்குப் பின்னால். இன்ஜின் சத்தத்தில் அவர் கத்துவது டிரைவருக்குக் கேட்டதா இல்லையா என்று தெரியாமலே வருஷா வருஷம் யார் வீட்டுச் சுவரையாவது இடித்துவிட்டுச் சண்டை வாங்கி வருவது எங்கள் வழக்கம். "ரைட்ல ஒடி!" என்றார். "ரைட்ல ஒடிக்கிறேன்!" என்று தொண்டை கிழியக் கத்தி, ஒடித்து, "ஒடிச்சாச்சு!" என்றேன். "மெதுவா வா!" "மெதுவா வர்றேன்!" "நிறுத்து!" "நிறுத்தியாச்சு!" இறங்கிப் போய்ப் பார்த்தால், டிரெய்லருக்கும் மின்கம்பத்தை இழுத்துக் கட்டிய கம்பிக்கும் நடுவே ஒரு கை நுழையும். இடித்திருந்தால் கம்பம் எங்கள் தலைமேல்தான் வந்திருக்கும். அப்பா அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இத்தினி வருசமா தொண்ட கிழியக் கத்தினு இருக்கேன், ஒருத்தன் காதுலயாவது வுழுந்துச்சான்னு இன்னிக்குத்தான்டா தெரியுது."

இரண்டாம் தேர்வு

அதே கேப்டன், அதே மீசை, அதே சக்கரம். "ஸ்டார்போர்டு டென்" என்றார். "ஸ்டார்போர்டு டென், சார்!" என்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். அப்பாவுக்கு டிரெய்லர் பின்னால் கேட்க வேண்டிய அளவுக்குப் பழகிவிட்ட தொண்டை, ஒரு சின்ன அறைக்குக் குறையத் தெரியவில்லை. கேப்டன் விடாமல் உத்தரவு கொடுத்தார். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி, செய்து, செய்ததையும் சொன்னேன். நான் இருமுவதைப் பார்த்து, "தண்ணி குடிப்பா" என்றார். "தண்ணி குடிக்கிறேன், சார்!" குடித்துவிட்டு, "தண்ணி குடிச்சாச்சு, சார்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. அவ்வளவுதான், கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்து வெளியே அனுப்பப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியதும் பேனாவை எடுத்தார். "பாஸ். இத எங்கிட்ட திருப்பிச் சொல்லாத, போய் வீட்டுல சொல்லு."

சாவி

எழும்பூரில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டேன். பாஸாகிவிட்டேன் என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது; மறைக்கவில்லை. எதிர்ச் சீட்டில் இருந்த ஒரு அம்மா கவலையோடு பார்த்தார். அப்பா பக்கம் இன்ஜின் சத்தம் பலமாகக் கேட்டது. நான் இல்லாமல் டிராக்டர் எப்படி ஓடுகிறது, நீங்களா ஓட்டுகிறீர்கள் என்று பதறிக் கேட்டேன். அப்பா சத்தமாகச் சொன்னார்: "நான் இன்னாத்துக்கு ஓட்டுறேன்? நீ எப்டியும் பாஸ் பண்ணிடுவன்னு நேத்தே வேற டிரைவருக்கு சாவியக் குடுத்துட்டேன்டா."

ஆக, இவ்வளவு பாடும் பட்டு எனக்குக் கிடைத்திருப்பது மேலே இருப்பவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிச் சம்பளம் வாங்குகிற வேலை. அதை உங்களில் பாதிப் பேர் ஒரு தேர்வும் இல்லாமல் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடியே செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.