குளிசை முடியும் வரை

கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். எண்பதுகளின் தொடக்கத்தில் பாலமுனையிலிருந்து கல்முனைக்கு அப்படிப் போனவன் நான். போன இடத்தில் சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. குறை என் வாயில் இருந்தது. கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை.

மனைவியின் உம்மா, என் மாமி, புது மருமகன் முன்னால் வரமாட்டார், கதைக்கவும் மாட்டார். அந்தக் காலத்து வெட்கம் அது. இன்று மாமியார்கள் மருமகனின் மோட்டார் சைக்கிளில் ஏறிக் கடைக்குப் போகிறார்கள். மாமி சமைத்ததை மகளிடம் கொடுத்தனுப்பிவிட்டு, குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று நான் சாப்பிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். இனிப்பான வட்டிலாப்பத்தை வாயில் வைத்ததுமே நோவு காதுவரை ஏறியது. போதும் என்று எழுந்துவிட்டேன். இறைச்சியும் அப்படியே திரும்பிப் போனது. வந்ததும் வராததுமாகப் பல் நோவு என்று புலம்ப எனக்கும் வெட்கம். கடைசியில் மனைவி கண் கலங்கி வந்து நின்றாள்.

"உம்மா குசினிக்குள்ள அழுகுறா. எங்கட ஊடு உங்களுக்குப் புடிக்கல்லயா?"

உண்மையைச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீழ் வைத்திருக்கிறது, வீக்கம் வற்றினால்தான் பிடுங்கலாம் என்றார் பல் டாக்டர். சிவப்பும் மஞ்சளுமான அன்டிபயோட்டிக் குளிசைகளைத் தந்து, நோவு போனாலும் நிறுத்தாமல் ஏழு நாள், ஒரு கிழமை முழுக்கக் குடிக்கச் சொன்னார்.

நோவு சீக்கிரமே பறந்துவிட்டது. எனக்கு மூளை கொஞ்சம் மட்டு. மீதிக் குளிசையைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டு, திரும்பிப் போன இறைச்சிக்கும் சேர்த்து வெளுத்துக் கட்டினேன். மாமிக்கு ஏகப்பட்ட சந்தோசம் என்று மனைவி சொன்னாள். அந்தச் சந்தோசம் நீடிக்கவில்லை. ஒரு காலையில் எழுந்தால் கன்னம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. காய்ச்சல் வேறு.

துவைக்க எடுத்த சட்டையில் குளிசைகளைக் கண்ட மனைவி, அவற்றை உம்மாவிடம் காட்டிவிட்டாள். கதவு திறந்தது. முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி மாமி தண்ணீர்க் கோப்பையோடு என் முன்னால் வந்து நின்றார்.

"மகன், வாயத் தொறங்க. இனி நான்தான் தருவன்."

நான் நடக்கத் தொடங்குமுன்பே என் உம்மா மௌத்தாகிவிட்டார். வாயைத் திறக்கச் சொல்லி எனக்கு மருந்து கொடுத்த ஒருவரும் நினைவில் இல்லை. குளிசையோடு அழுகையையும் விழுங்கினேன்.

ஆஸ்பத்திரியில் நன்றாக ஏச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து குளிசை தொடங்கினேன். ஒவ்வொரு வேளையும் மாமியே வந்தார். முதலில் கஞ்சியில் உப்புச் சரியா என்று மட்டும் கேட்டார். பிறகு என் உம்மாவைப் பற்றிக் கேட்டார். நானும் குளிசை நேரம் எப்போது வரும் என்று பார்த்திருக்கத் தொடங்கினேன்.

குளிசை முடிந்தது. பல்லையும் பிடுங்கியாயிற்று. அடுத்த நாள் சாப்பாடு மனைவியின் கையில் வந்தது. மாமி பழையபடி கதவுக்குப் பின்னால் போய்விட்டார். நோவு மாறியதற்காக வருத்தப்பட்டேன் என்றால் யாரும் சிரிப்பார்கள். வருத்தப்பட்டேன்.

பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு பகல், சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, பல் பிடுங்காத பக்கத்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, நோகிறது என்று கதவுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

மாமி ஓடி வந்தார். கன்னத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பொய் செல்லாமச் சாப்பிடுங்க மகன்," என்றார். சொல்லிவிட்டுப் போகவில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.