செருப்பு ஒட்டிய கட்டை

கஹவத்தை டவுனில் ஒரு மரப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் எங்கள் எஸ்டேட் கோயிலில், மாதா சொரூபத்தைச் சுற்றி அடிக்க உள்பக்கம் குழிந்த சட்டம் கேட்டார்கள். மேசை நடுவே வட்ட வாள் நீட்டிச் சுழலும் மெஷினில் அந்தக் குழியை வெட்டப் பலகையை நேராகத் தள்ளக் கூடாது. சாய்வாகப் பூட்டிய தடுப்பை ஒட்டி வாளுக்குக் குறுக்காகத் தள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் வாளை மயிரிழை அளவுதான் உயர்த்தலாம். அவசரப்பட்டால் பலகை உதைக்கும், விரல் போய்விடும். அதனால் நான் கையால் தொடவே மாட்டேன். வழுக்காமல் பிடிக்க, ரப்பர் செருப்பின் அடியை வெட்டி ஒட்டிய இரண்டு கட்டைகளால்தான் அழுத்தித் தள்ளுவேன்.

பார்க்க வந்த கோயில் கமிட்டி அண்ணன் கத்தினார். "டேய், மாதா பலகையச் செருப்பால தள்றியே! கையால தள்ளுடா!"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. மெஷினை நிறுத்தினேன். "வாங்கண்ணே, நீங்களே தள்ளுங்க. பத்து விரல் இருக்குல்ல?"

அவர் வாளைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அதுக்கில்லடா, எவன் போட்ட செருப்போ?"

"என்னோடதுதான்."

"அதான் சொல்றேன்!"

பட்டறையே சிரித்தது. செருப்பில்லாமல் வெட்ட மாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். முறைத்துக்கொண்டே கடைத்தெருவுக்குப் போனவர், காலே படாத புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்து நீட்டினார். அதை அறுத்து ஒட்டி, இருபது தடவை தள்ளிக் குழியை முடித்தேன். புது ரப்பர் பழசைவிட நன்றாகவே பிடித்தது. அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.