நெல்சி தூக்கிய பலகைகள்

நெல்சி பிட்டன்கூருக்கு அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. போர்ட்டோ அலெக்ரே பேருந்துப் பணிமனையில் இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து கழுவுகிறவள். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் நீளக் காம்பு வைத்த துடைப்பம். அவள் கழுவிய வண்டியில் ஏறுகிறவன் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். ஊரில் அவளுக்கு நல்ல பெயர் வந்தது இந்தக் குணத்தால்தான். ஒரு தடவை அவள் குடியிருக்கும் சந்தே அவளால் கெடப் பார்த்ததும் இதே குணத்தால்தான்.

குன்றின் அடிவாரத்தில் கார்கேஜா சந்து. நாற்பத்தேழு வீடுகள், நடுவே திறந்த சாக்கடை. மேட்டில் இருப்பவர்கள் குளித்ததும் துவைத்ததும் மற்றதும் அதில்தான் இறங்கி வரும். மழை வலுத்தால் வாசலில் நின்று அனுமதி கேட்காது, நேரே அடுப்படிக்குள் நுழைந்துவிடும். நெல்சி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி எட்டுச் செங்கல் மேல் நின்றது. பக்கத்து வீட்டு ஜுரேமாவின் பிள்ளைகள் இரண்டும் வருடத்தில் பாதி நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தார்கள்.

முன்பெல்லாம் தேர்தலுக்குத் தேர்தல் ஒருவர் வருவார். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவார், குழாய் வரும் என்பார், போய்விடுவார். கொஞ்சிய குழந்தைக்கு மீசையே முளைத்துவிட்டது. குழாய் வரவில்லை.

பிறகுதான் நகராட்சி புது ஏற்பாடு செய்தது. ஊர்ப் பணத்தில் எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்பதை வட்டாரத்து ஜனங்களே கூட்டம் கூடிச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்குப் பத்துப் பேர் வந்தால் ஒரு பிரதிநிதி. முதல் வருடம் கார்கேஜா சந்து இதையும் குழந்தை கொஞ்சுகிற கதை என்றே நினைத்தது. பதினோரு பேர் போனார்கள், ஒரு பிரதிநிதி கிடைத்தார். மேட்டுத் தெருவில் முடிதிருத்துகிற அடாயிர் என்பவரோ தன் ஆட்களை இரண்டு பேருந்தில் கொட்டுமேளத்தோடு கொண்டுவந்து இறக்கி, தெருவுக்குத் தார் வாங்கிக்கொண்டு போனார்.

நெல்சிக்கு அது தாங்கவில்லை. மறுவருடம் வேலை முடிந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கதவு கதவாகத் தட்டினாள். கால் வலி என்றவனிடம் முதுகில் தூக்கிப் போகிறேன் என்றாள், சொன்னபடி செய்வாள் என்று பயந்து அவனே நடந்து வந்தான். அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். ஆறு பிரதிநிதிகள், அதில் ஒருத்தி நெல்சி.

பிரதிநிதி ஆனவுடனே கை தூக்கிவிட முடியாது. எல்லாரும் ஒரே பேருந்தில் ஏறி, கேட்கிற இடம் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்த பிறகுதான் வாக்கு. எங்கள் ஊர் வழக்கம் அது, நல்ல வழக்கம். அந்த வருடம் வட்டாரத்தில் ஒரே ஒரு சந்துக்குத்தான் கழிவுநீர்க் குழாய் என்று முடிவாகியிருந்தது. கார்கேஜா கேட்டது. அடாயிர், தன் தெருவுக்குப் பின்னால் இருந்த சந்துக்காகக் கேட்டார்.

விருந்தாளி வருகிற வீட்டை யாராவது அழுக்காக வைப்பார்களா? பேருந்து வர இருந்ததற்கு முந்தின நாள் நெல்சி சந்து முழுவதையும் வேலை வாங்கினாள். சாக்கடையில் சுண்ணாம்பு கொட்டி, தச்சுப்பட்டறையில் இரவல் வாங்கிய பலகைகளை நெடுக அடுக்கி மூடினார்கள். பெயின்ட் டப்பாக்களில் பூச்செடி வைத்தார்கள். ஜுரேமா மேலே சர்க்கரைப் பொடி தூவி கேக் சுட்டாள். சந்து அப்படி மின்னி அவர்கள் பார்த்ததில்லை. நெல்சிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

சனிக்கிழமை காலை பேருந்து வந்தது. அதையும் நெல்சிதான் கழுவியிருந்தாள். நாற்பத்து மூன்று பிரதிநிதிகள் இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கவுன் போட்டுக்கொண்டு அவளும் இறங்கினாள். கேக் சுற்றி வந்தது, மாத்தே கஷாயக் குடுக்கை கைமாறியது.

கூட வந்த நகராட்சிப் பெண் பட்டியலைப் பார்த்தாள், சந்தைப் பார்த்தாள்.

"திறந்த சாக்கடைன்னு எழுதியிருக்கே, எங்க இருக்கு?"

அடாயிர் மீசையில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்தார். பெண்களை டோனா, ஆண்களை சேயு என்று மரியாதை சேர்த்துக் கூப்பிடுவது எங்கள் ஊர்ப் பேச்சு. "டோனா நெல்சி, இந்தச் சந்துக்கா குழாய் வேணும்? என் பொண்ண இங்க கட்டிக் குடுக்கலாம் போல இருக்கே."

எல்லாரும் சிரித்தார்கள். பின்வரிசையில் ஓர் அம்மாள், "எங்க சந்துக்கு இது எவ்வளவோ தேவலைம்மா" என்றாள், கிண்டலாக இல்லாமல் மெய்யாகவே. அந்த மெய்தான் நெல்சியைக் குத்தியது. குழாய் கைநழுவுவது அவளுக்குப் புரிந்தது, நழுவ விட்டது தன் துடைப்பம் என்பதும் புரிந்தது. அத்தனை வருடத்தில் பணிமனைக்காரர் ஒருவரையும் அவள் வீட்டுக்கு அழைத்ததில்லை. இந்தச் சாக்கடையால் அவளுக்கு அவ்வளவு வெட்கம்.

விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். கவுனுக்குக் கீழே பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தாள், குனிந்து முதல் பலகையைப் புரட்டிப் போட்டாள்.

"இங்க இருக்கு."

ஜுரேமா ஓடி வந்து கையைப் பிடித்தாள். "டோனா நெல்சி, வேண்டாங்க. இத்தன பேர் முன்னால மானம் போகுது."

"மானம் என்னைக்கோ போயிருச்சு ஜுரேமா. நேத்து நாமதான் அதுக்குப் பலகை போட்டு மூடினோம். நீ அந்த முனையப் பிடி."

ஜுரேமா பிடித்தாள். பிறகு எதிர்வீட்டுக்காரி, அடுத்தவள், அதற்கடுத்தவள். பலகை ஒவ்வொன்றாகப் புரண்டது. சுண்ணாம்பால் மறைக்க முடியாத நாற்றம் எழுந்தது. அடாயிர் கேக்கை மெல்வதை நிறுத்தினார்.

"உள்ள வாங்க எல்லாரும்" என்று அடுப்படிக்கு நடத்திப் போனாள் நெல்சி. வெள்ளம் ஏறிய கறையை முந்தாநாள்தான் வெள்ளையடித்து மறைத்திருந்தாள், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் மட்டும் கை எட்டவில்லை. பெட்டியைச் செங்கலோடு சேர்த்து ஒரு பக்கம் இழுத்தாள். சுவரில் தொடை உயரத்துக்குக் கறுப்புக் கோடு.

"இது போன ஜூலை மாசம். இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

பிற்பகலில் பள்ளிக்கூடத்தில் கை தூக்கினார்கள். கார்கேஜாவுக்கு இருபத்தாறு கைகள். அடாயிரின் கை அதில் இல்லை. வாசலில் அவளிடம் அவரே வந்து சொன்னார், "என் கை என் தெருவுக்குத்தான், டோனா நெல்சி. தப்பா நினைக்காதீங்க."

"நீங்க எனக்குத் தூக்கியிருந்தா உங்கள நம்பின சனம் என்னாகும், சேயு அடாயிர்?" என்றாள். அவர் மேல் அவளுக்கு அன்றுதான் மதிப்பு வந்தது.

குழாய் வந்தது. பள்ளம் தோண்டிய நாளெல்லாம் பணிமனையிலிருந்து நேரே வந்து விளிம்பில் நின்றாள். ஓரிடத்தில் சரிவு தப்பு என்று சண்டை போட்டு, ஒப்பந்தக்காரரை இரண்டு குழாயைப் பிடுங்கி மறுபடி போட வைத்தாள். சரிவைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று கேட்டவருக்கு, கழுவின தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும் என்றாள். முதல் பெருமழையன்று அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்திருந்தாள். ஒரு சொட்டும் வரவில்லை. மறுநாள் எட்டுச் செங்கலையும் உருவி வாசல் பூச்செடிக்குக் கரை கட்டினாள். அன்று மாலை பணிமனையே அவள் வீட்டில் மாத்தே குடித்தது. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவள் குரல் ஒரு படி ஏறும்.

அடுத்த வருடம் பேருந்து மேட்டுத் தெருப் பின் சந்துக்குப் போனது. பார்த்தால் வாசலெல்லாம் சுண்ணாம்புக் கோலாகலம், பூத்தொட்டிகள், நெடுக அடுக்கிய புதுப் பலகைகள். பெட்டி போட்ட சட்டையில் அடாயிர் தட்டு நிறையக் கேக்கோடு நின்றார். முகத்தில் அசடு வழிந்தது.

"சொன்னேன், டோனா நெல்சி. கேக்கலை. விருந்தாளி வர்றாங்கன்னு ராத்திரியெல்லாம் கழுவிட்டாங்க."

நெல்சி கேக்கைத் தொடவில்லை. இந்த முறை கிளம்பும்போதே பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"கேக்கு அப்புறம். தட்டைக் கீழ வைங்க சேயு அடாயிர், அந்த முனையப் பிடிங்க" என்று குனிந்தாள்.