மைனி தைத்த தூண்டில் பை

கல்யாணமாகி வந்த அன்று வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு பைதான் முதலில் என் கண்ணில் பட்டது. பழைய பாய்மரச் சீலையில் கையால் தைத்த தூண்டில் பை. முள்ளுக்கு ஒரு அறை, ஈயக்குண்டுக்கு ஒரு அறை, தங்கூசி நூல் சுருளுக்கு ஒரு அறை. தையல் எல்லாம் அரிசிமணி போல ஒரே அளவு. யார் தைத்தது என்று கேட்டேன். மைனி என்றார் என் வீட்டுக்காரர். அவருடைய அண்ணன் மனைவி, அடுத்த வீடு. அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

மைனியைக் குறை சொல்ல ஒன்றும் கிடையாது, அதுதான் என் கஷ்டம். தாயில்லாத அவருக்குப் பத்து வயதிலிருந்து சோறு போட்டவள். ஆனாலும் என் புருஷன் தோளில் அவள் தைத்தது தொங்க, நான் பார்த்துக்கொண்டு நிற்பதா? புதுச்சீலை வாங்கி நானும் ஒன்று தைத்தேன். நல்லாருக்கு என்று சொல்லி, அதை எடுத்துக்கொண்டு சந்தைக்கு மரச்சீனிக் கிழங்கு வாங்கப் போனார்.

மைனியின் பைக்கு அடியில் சீலை கிடையாது, வலைத்துண்டுதான். சீலை பத்தாமல் ஒப்பேற்றியிருக்கிறாள் என்று நினைத்தேன். என் அப்பா கரையில் மீன் வாங்கி விற்றவர், கட்டுமரத்தில் கால் வைத்ததில்லை. எனக்கு என்ன தெரியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்குப் போன நேரம் பார்த்து, சீலையை இரண்டாக மடித்து அடியை மூடித் தைத்தேன். இனி அந்தப் பையில் பாதி என்னுடையது என்று அவ்வளவு சந்தோஷம்.

கட்டுமரத்தில் அலை ஏறி இறங்கும். பைக்குள் வந்த தண்ணீர் வடியத்தான் அந்த வலை. நாலைந்து நாளில் முள்ளெல்லாம் துருப்பிடித்து, ஒரு பெரிய நெய்மீன் முள்ளை முறித்துக்கொண்டு போய்விட்டது. அவர் பையோடு நேராக மைனி வாசலுக்குப் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"என்ன மைனி, அடிய மூடித் தச்சிருக்கிய?"

மைனி பையைக் கவிழ்த்து, கோணல்மாணலான என் தையலை விரலால் தடவினாள். எங்கள் கதவை ஒருதரம் பார்த்தாள்.

"நாந்தான் தம்பி. பிஞ்சிருக்குன்னு தச்சேன். புத்தி எங்கயோ இருந்துட்டு."

அவர் சிரித்துவிட்டு, சரி விடுங்க என்றார். நெய்மீன் போன கோபம் எங்கே போயிற்று? நான் தைத்தது என்று தெரிந்தால் இப்படிச் சிரிப்பாரா? உண்மையைச் சொல்லாமல் அடுப்படிக்குள் போய்விட்டேன். அன்று சாயங்காலமே மைனி பிரித்து வேறு வலை வைத்துக் கொடுத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காகவும் அவள்மேல் எனக்கு எரிச்சல்தான்.

மைனி இறந்து இரண்டு வருஷமாகிறது. அவர் இப்போது கடலுக்குப் போவதில்லை, காலையில் அலையைத் தடுக்கக் கடலுக்குள் போட்ட தூண்டில் வளைவுக் கல்லில் உட்கார்ந்து மீன் பிடிப்பார். மகன் குவைத்திலிருந்து அனுப்பிய பிளாஸ்டிக் பெட்டி அவருக்கு ஒத்துவரவில்லை. போன மாசம் நானே ஒரு பை தைத்தேன், அடியில் வலை வைத்து. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மைனி தைத்தது மாதிரியே இருக்கிறது என்றார்.

இந்த வயதிலும் எனக்கு நெஞ்சு காந்தியது. அன்றைக்கு அடியை மூடியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். நாற்பது வருஷம் உள்ளே கிடந்தது.

அவர் முள் கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அன்னைக்கு மைனி பைய கவுத்தப்பவே தெரியும்ட்டி. மைனிக்க தையலு எனக்குத் தெரியாதா?"

தெரிந்துதான் சிரித்திருக்கிறார், ஒரு நாளும் என்னைக் கடியவில்லை. அதை நினைத்து நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் என் தையல் தெரியும் என்று அவர் சொல்லவில்லையே.