ரப்பர் குழாயில் விழுந்த ஓட்டைகள்

மலேசியாவில், கிள்ளானில் எனக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் நடுவே இருப்பது இடுப்பளவுச் சுவர்தான். பிள்ளைகள் பூச்சோங்குக்குக் குடிபோன பிறகு நான் தனி ஆள். நெஞ்சு வலிக்கிறது என்று போன் செய்தால் உடனே காரை எடுப்பவள் அவள்தான். அவளை விட்டால் எனக்கு இங்கே யாருமில்லை. அப்படிப்பட்டவளைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஒருநாள் சுவரில் சாய்ந்தபடி, "உங்க காகிதப்பூ மட்டும் எப்படிக்கா இப்படிப் பூக்குது? என்னோடது வரவே மாட்டேங்குதுலா" என்றாள். மறுநாளே செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய், பைப்பில் மாட்டும் இடத்தில் ஒழுகியது. கிளிப் துருப்பிடித்திருந்தது, பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் அவள் கண்தான் பட்டுவிட்டது என்று என் மனம் அடித்துச் சொன்னது. கிளிப்பை மாற்றினேன். கண்ணுக்கும் ஏதாவது செய்ய வேண்டுமே! வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்லுப்பையும் காய்ந்த மிளகாயையும் வீட்டுக்குத் திருஷ்டி சுற்றி, வாசல் கேட்டோரம் சிரட்டை நெருப்பில் போட்டேன். உப்பு படபடவென்று வெடித்தது. வெடிக்க வெடிக்க, இவ்வளவு திருஷ்டியா என்று இன்னொரு பிடி போட்டேன்.

மறுநாள் காலையில் குழாயின் நடுவே இரண்டு ஓட்டைகள். கறுப்பு டேப் சுற்றினேன். அடுத்த வாரம் இன்னும் மூன்று. கண் மட்டுமில்லை, கையும் வைக்கிறாள் என்று முடிவுகட்டினேன். சுவருக்கு அப்பால் அவள் தலை தெரிந்தாலே உள்ளே போய்விடுவேன். வெள்ளிதோறும் உப்பைக் கூட்டினேன். ஓட்டைகளும் கூடின.

கடைசியில் டேப் தாங்கவில்லை. ஓட்டை விழுந்த பகுதியை வெட்டியெடுத்து, இரு முனைகளையும் சேர்க்கும் ஜாயிண்ட் வாங்க ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். அளவு காட்ட, வெட்டிய துண்டையும் கொண்டுபோனேன்.

"யாரோ ஊசியால குத்துறாங்க தம்பி" என்றேன்.

கடைக்காரர் துண்டை விரலால் தடவினார். "குத்துனா இப்படி உருகாது ஆன்டி. நெருப்புப் பொறி பட்டிருக்கு. பக்கத்துல என்ன எரிக்கிறீங்க?"

நான் குழாயைச் சுருட்டி வைப்பது கேட்டோரம். சிரட்டைக்கு இரண்டடி கூட இருக்காது. எனக்கு உடம்பே கூசிவிட்டது.

வீட்டுக்கு வந்து ஜாயிண்டைப் போட்டேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நேரே அவள் வீட்டுக்குப் போய், உப்பு வெடித்து என் குழாயை நானே பொசுக்கிய கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "மொத வாரமே பொறி பறக்குறதப் பாத்தேன்கா. சொல்லத்தான் சுவர்கிட்ட வந்து வந்து நின்னேன். நீங்கதான் என்னைப் பாத்ததும் உள்ள போயிட்டீங்க."

சுவருக்கு மேலே என் கேட்டோரம் எட்டிப் பார்த்தாள். பிறகு, "யாரு கண்ணுன்னு சுத்துனீங்க?" என்று கேட்டாள்.

நான் அவள் முகத்தைப் பார்க்காமல், அவளுடைய பூக்காத காகிதப்பூச் செடியைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.