பாக்கியம் அக்கா ஏன் முன்னால் வந்தார்

தேயிலை மலையூரான ரிங்லெட்டிலிருந்து மாரிமுத்து அண்ணன் அழைத்தபோது நான் ஈப்போ பட்டறையில் இருந்தேன். "பாக்கியம் போயிட்டா தம்பி" என்றார். அவர் மனைவி. அக்காவை அறிந்து, அவர் நினைவாகக் கூடியிருக்கும் உங்களிடம் என் முதல் கேள்வியை மறைக்க விரும்பவில்லை. "மெஷின் கட்டியிருந்தாங்களா?" என்றுதான் கேட்டேன். இல்லை, வீட்டில்தான், காலையில் நெஞ்சு வலி வந்தது, தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

தேயிலைச் சரிவில் கொழுந்து மூட்டையோடு ஏறுகிறவர்களுக்காக நாங்கள் செய்த கருவிதான் அந்த மெஷின். இடுப்பிலும் தொடையிலும் கட்டிக்கொண்டால், அடியெடுத்து வைக்கும்போது மோட்டார் காலைத் தூக்கிக் கொடுக்கும். சோதித்துப் பார்க்கத் தோட்ட மேனேஜர் ஆள் கேட்ட அன்று, முன்னால் வந்தவர் அக்கா ஒருவர்தான். பட்டையைக் கட்டும்போது அவர் கால் நடுங்குவது என் கைக்குத் தெரிந்தது. வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்றேன். "பயந்தான். அதுக்கென்ன, நீ இறுக்கிக் கட்டு லா" என்றார்.

மூன்றாம் வாரம், பனிமூட்டம் இறங்கிய ஒரு காலை. ஈர மண்ணில் அக்காவின் கால் வழுக்கியது. மோட்டார் அதையும் ஓர் அடி என்று எண்ணிக் காலைத் தூக்கிவிட்டது. கீழே பாறைப் பள்ளம். மூட்டையை உதறிவிட்டு ஒரு தேயிலைச் செடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். கால் மட்டும் காற்றில் ஏறி ஏறி இறங்கியது. நான்கடி தள்ளி நின்ற எனக்கு நகரவே முடியவில்லை.

"சுவிட்ச அமத்து தம்பி" என்றார், மெதுவாக.

தவழ்ந்து போய் அணைத்தேன். சுவிட்சை முதுகுப் பக்கம் வைத்தவன் நான். அவர் கைக்கு அது எட்டாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

சின்ன வழுக்கல்தானே, அறிக்கையில் வேண்டாம் என்றார் மேனேஜர். நான் வாய் திறக்கவில்லை. அக்காதான் ஆபீசுக்குப் போனார். "நான் விழப் பாத்தேன்னு எழுதுங்க தொரை. பயந்துட்டேன்னும் எழுதுங்க. இல்லாட்டி நாளைக்குக் கட்ட மாட்டேன்." எழுதினார்கள். சுவிட்ச் மார்புப் பக்கம் வந்தது. மறுநாளிலிருந்து மீண்டும் கட்டிக்கொண்டார், அதே நடுக்கத்தோடு.

அடக்கம் முடிந்த பிறகு அண்ணனிடம் கேட்டேன், அவ்வளவு பயந்தவர் ஏன் முன்னால் வந்தார் என்று. வீட்டில் அவரும் அதையே கேட்டாராம். அக்கா சொன்ன பதில் இது: "நான் மாட்டேன்னா பங்களாதேஷ் ஆளுங்களுக்குக் கட்டுவாங்க. அதுங்க விழுந்தா, எங்க வலிக்குதுன்னு எந்த பாஷையில சொல்லும்?"

போன வாரம் அதே சரிவில் ஒரு பங்களாதேஷ் தொழிலாளிக்குக் கருவியைக் கட்டினேன். நான் சொன்ன எல்லாவற்றுக்கும் அவர் சிரித்தபடி தலையாட்டினார். பயமா என்று கேட்டேன். அதற்கும் அதே தலையாட்டல், அதே சிரிப்பு. எனக்குத்தான் பயம் வந்தது. கட்டிய பட்டைகளை நானே அவிழ்த்தேன். அவர் மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கும்வரை கட்டமாட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு மலையிறங்கினேன். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தப் பயம். இது என்னைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும்.